சிப்பாயும் வளைகோலும்
(மேஜர் தயான் சந்த் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர், நாகலூர்

கல்வியால் உயர்ந்தோர் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். கலையால் உயர்ந்தோர், அரசியலால் உயர்ந்தோர் வரலாறுகளும் நூலக அலமாரிகளில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஆறாண்டுகள் மட்டுமே பள்ளி சென்று, மீசை அரும்பும் வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, படைமுகாமையே பள்ளியாகவும் கல்லூரியாகவும் கொண்டு, கையில் ஏந்திய வளைந்த மரக்கோல் ஒன்றினால் இந்தியாவின் பெயரை மூன்று கண்டங்களில் நிலைநாட்டிய ஒருவரின் வரலாறு நம்மில் எத்தனை பேருக்கு முழுமையாகத் தெரியும்? அவர்தாம் ஹாக்கி வீரர் மேஜர் தயான் சந்த்.

அவர் போட்ட கோல்களை எண்ணிச் சொல்வது எளிது. இக்கட்டுரையில் அதுவும் உண்டு. ஆயினும் நான் அவர் வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தது வேறொரு கேள்வியோடு. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு விளையாடுவதற்கு நேரமும் இடமும் எங்கிருந்து கிடைத்தன? கொடுத்தவர் யார்? அதற்குரிய மரியாதை அவருக்கு உரிய காலத்தில் கிடைத்ததா? நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இக்கேள்விகள் மிகவும் நெருக்கமானவை அல்லவா!

பிறப்பும் இளமையும்

தயான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தயான் சிங். தந்தை சமேஷ்வர் சிங் ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியப் படையில் பணியாற்றியவர். தாமும் ஹாக்கி ஆடியவர். மூல் சிங், ரூப் சிங் ஆகிய இருவர் உடன்பிறந்தோர். இவர்களில் இளையவரான ரூப் சிங் பின்னாளில் அண்ணனுக்குத் தோள் கொடுத்து ஒலிம்பிக் களத்தில் நின்றவர்.

படைவீரர் வீட்டு வாழ்க்கை இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று அமைவது. தந்தையின் இடமாற்றங்களால் தயான் சந்தின் படிப்பு ஆறாண்டுகளோடு நின்றது. கடைசியில் குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. பிள்ளைப் பருவத்தில் அவருக்கு ஹாக்கியில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. மற்போரில்தான் விருப்பம் என்பது நமக்கு வியப்பளிக்கும். பிறவி மேதை என்று நாம் போற்றும் ஒருவர், பதினாறு வயது வரையில் தம் திறமை எதில் இருக்கிறது என்றே அறியாதிருந்தார். அவரைப் போலவே தம்மை அறியாமல் எத்தனை பேர் ஊர் ஊராக வளர்ந்து மறைந்தார்களோ!

படைமுகாமே பள்ளிக்கூடம்

1922ஆம் ஆண்டு தயான் சந்த் டில்லியில் முதலாவது பிராமணர் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். படையின் ஏணியில் சிப்பாய் என்பது கடைசிப் படி. அங்கே சுபேதார் மேஜராக இருந்த பாலே திவாரி ஹாக்கிப் பித்துக் கொண்டவர். புதிதாக வந்த இளைஞனின் கைத்திறனைக் கண்டு, கோலைப் பிடிப்பது முதல் பந்தைக் கடத்துவது வரை கற்பித்த முதல் ஆசான் அவரே.

இரவுக் காவலும் பகல் பயிற்சியும் போக எஞ்சிய நேரத்தில் நிலவொளியில் அவர் பழகியதாகவும், அதனாலேயே நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். நிலவு உதவியதோ இல்லையோ, படைமுகாம் உதவியது உறுதி. சமதளமான திடல் அங்கே இருந்தது. கோலும் பந்தும் படைப்பிரிவு தந்தது. விளையாட்டு அன்றாட ஒழுங்கின் ஒரு பகுதியாகவே இருந்தது. மாலையில் ஆடிவிட்டு வந்தால் இரவு உணவு உறுதி. மாத இறுதியில் சம்பளமும் உறுதி. விளையாட்டுக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் இடையே நம் வீடுகளில் நடக்கும் போராட்டம் அங்கே இல்லை.

1922 முதல் 1926 வரை அவர் ஆடியவை எல்லாம் படைப்பிரிவுகளுக்குள் நடந்த போட்டிகளே. ஜீலம் நகரில் நடந்த பஞ்சாப் காலாட்படைப் போட்டி ஒன்றில் இவரது அணி இரண்டு கோல்கள் பின்தங்கி நின்றது. ஆட்டம் முடிய நான்கு நிமிடங்களே இருந்தன. அந்த நான்கு நிமிடங்களில் மூன்று கோல்கள் போட்டு வென்றார். படையினர் நடுவே அவர் பெயர் பரவியது.

1926இல் இந்தியப் படையின் ஹாக்கி அணி நியூசிலாந்து சென்றது. சிப்பாய் தயான் சந்தும் அதில் ஒருவர். 21 ஆட்டங்களில் 18இல் வெற்றி, 2 சமன், ஒன்றே தோல்வி. திரும்பி வந்ததும் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? லான்ஸ் நாயக் என்னும் பதவி. ஏணியில் ஒரே ஒரு படி!

மூன்று பேர் வழியனுப்பிய அணி

இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு 1925இல் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பத் துணிந்தது. ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜெய்பால் சிங் அணித்தலைவர். தயான் சந்த் நடு முன்னணி ஆட்டக்காரர்.

பம்பாய்த் துறைமுகத்தில் அவ்வணி கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். இந்தியர்கள் ஐரோப்பாவுக்குச் சென்று வெல்வார்கள் என்று எவரும் எண்ணவில்லை போலும். ஆம்ஸ்டர்டாமில் நடந்ததோ வேறு. ஆஸ்திரியாவை 6 கோல்களாலும், பெல்ஜியத்தை 9 கோல்களாலும், டென்மார்க்கை 5 கோல்களாலும், சுவிட்சர்லாந்தை 6 கோல்களாலும் வென்றது இந்தியா. மே 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது நெதர்லாந்து. அதன் சொந்த மண். நம் ஆட்டக்காரர்கள் சிலர் நோயுற்றுப் படுத்திருந்தனர். அணித்தலைவர் ஜெய்பால் சிங் அணியோடு இல்லை. தயான் சந்தும் காய்ச்சலோடுதான் களத்தில் இறங்கினார். ஆட்டத்தின் முடிவு 3–0.

ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் 29. வாங்கிய கோல் ஒன்றுமில்லை. அந்த 29இல் 14 கோல்கள் தயான் சந்தின் கோலிலிருந்து பிறந்தவை. மூன்று பேர் வழியனுப்பிய அணியை வரவேற்க அதே பம்பாய்த் துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடியது. வென்ற பிறகு வருவதற்கு ஆயிரம் பேர் உண்டு. புறப்படும்போது வந்த அந்த மூன்று பேரை அல்லவா நாம் நினைக்க வேண்டும்!

விடுப்புக் கிடைக்காத வீரர்

ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகும் அவர் படைவீரரே. இரண்டாவது பதினான்காம் பஞ்சாப் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டு, வடமேற்கு எல்லையில் உள்ள வசிரிஸ்தான் மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஹாக்கி நடக்கும் நகரங்களிலிருந்து வெகுதொலைவு. 1932 ஒலிம்பிக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையிலான போட்டி நடந்தபோது, அதில் ஆட அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஹாக்கிக் கூட்டமைப்பு படையின் விளையாட்டு வாரியத்துக்கு எழுதிக் கேட்டும் பயனில்லை.

படைமுகாம் கொடுத்ததை அதே படைமுகாம் மறுத்த கட்டம் இது. ஆட்டக்காரன் ஆயிரம் கைத்தட்டல் பெற்றவனாக இருக்கலாம். ஆனால் காவல் பணிக்கு ஆள் குறைந்தால் அவன் ஒரு துப்பாக்கிதான். அதிலும் அவர் அதிகாரி அல்லர், கடைநிலை வீரர். மறுப்பை எதிர்த்துக் கேட்க அவருக்கு வழி இல்லை. நல்ல வேளையாகக் கூட்டமைப்பு, தேர்வுப் போட்டியில் ஆடாமலேயே அவரை அணியில் சேர்த்துக்கொண்டது.

லால் ஷா புகாரி தலைமையில் அணி புறப்பட்டது. வழியில் கொழும்பில் இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள்: 20–0, 10–0. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தவை மூன்றே அணிகள். இந்தியா ஜப்பானை 11–1 என்றும், அமெரிக்காவை 24–1 என்றும் வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான 24 கோல்களில் தம்பி ரூப் சிங் 10, அண்ணன் தயான் சந்த் 8. ஒரு வீட்டிலிருந்து மட்டும் 18 கோல்கள்! அப்பயணம் முழுவதிலும் இந்தியா போட்ட 338 கோல்களில் 133 தயான் சந்துடையவை.

தலைமை வந்த வழி

இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர், உலகமே அறிந்தவர். ஆயினும் அணித்தலைமை அவரை எளிதில் நாடி வரவில்லை. 1935இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தலைவராக முதலில் குறிக்கப்பட்டவர் மணாவதர் சமஸ்தானத்தின் நவாப். அவர் ஆட இயலாது என்று விலகிய பின்னரே தயான் சந்த் தலைவரானார். அரசர் எழுந்த நாற்காலியில் சிப்பாய் அமர்ந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல்கள் போட்டது. அவற்றில் 201 கோல்கள் தலைவருடையவை. தகுதி யாருக்கு இருந்தது என்பதை எண்களே சொல்லிவிட்டன.

அவரது ஆட்டத்தின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். பந்து அவர் கோலில் ஒட்டிக்கொண்டது போலவே நகரும் என்பார்கள். கோலில் காந்தம் இருப்பதாக ஐயுற்றார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அக்கதையில் நாட்டம் இல்லை. அன்றைய பந்தில் காந்தம் கவரக்கூடிய இரும்பு ஏது? உண்மை அதைவிட எளியது. பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதை அறிந்தவர் அவர். தாம் அடிக்கக்கூடிய பந்தையும் தம்மைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவார். 10 கோல்கள் தம்பி போட்டதில் அண்ணனுக்கு வருத்தம் இருந்திருக்குமா என்ன!

பெர்லினில் ஆகஸ்டு 15

1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவரே அணித்தலைவர். தொடக்கமோ நன்றாக இல்லை. புறப்படுமுன் டில்லி அணி ஒன்றிடம் 4–1 என்று தோல்வி. பெர்லின் சென்று சேர்ந்ததும் ஜூலை 17ஆம் நாள் பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடமும் அதே 4–1 தோல்வி. அன்றிரவு இந்திய வீரர்கள் எப்படி உறங்கியிருப்பார்கள்? தலைவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. குறை எங்கே என்று ஆராய்ந்தார். முன்னணி வரிசைக்குத் தாரா என்னும் வீரர் தேவை என்று இந்தியாவுக்குச் செய்தி அனுப்பச் செய்தார். தாராவும் வானூர்தியில் வந்து அரையிறுதிக்கு முன் சேர்ந்துகொண்டார்.

ஹங்கேரியை 4–0, அமெரிக்காவை 7–0, ஜப்பானை 9–0, அரையிறுதியில் பிரான்சை 10–0 என்று வென்று இந்தியா இறுதிக்குச் சென்றது. எதிரே மீண்டும் ஜெர்மனி. மழையினால் ஆட்டம் ஒரு நாள் தள்ளி, ஆகஸ்டு 15ஆம் நாளுக்கு வந்தது. களத்துக்குச் செல்லுமுன் வீரர்கள் உடைமாற்றும் அறையில், துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். வீரர்கள் அதனை வணங்கிவிட்டுக் களம் புகுந்தனர்.

தோழர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தயான் சந்த் அன்று ஆங்கிலப் பேரரசின் படையில் சம்பளம் வாங்கும் வீரர். அந்தக் கொடியோ அப்பேரரசை எதிர்த்த கொடி. அதனை வணங்கியது வெளியே தெரிந்திருந்தால் அவர் பணி என்னவாகியிருக்கும்? இழப்பதற்கு வேறு சொத்து எதுவும் இல்லாத ஒருவர், இருந்த ஒரே வாழ்வாதாரத்தையும் பணயம் வைத்து வணங்கினார். என் நோக்கில் அவர் அன்று பெற்ற தங்கத்தைவிட இது எடை மிகுந்தது.

முதற்பாதியில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரு கோல் மட்டுமே. ஈரத் தரையில் கால் வழுக்கியது. இடைவேளைக்குப் பின் தயான் சந்த் முள் பதித்த காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு, ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணியோடு ஆடினார். அதன்பின் கோல்கள் மழையாகப் பொழிந்தன. 8–1 என்று இந்தியா வென்றது. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் நம் வலைக்குள் விழுந்த ஒரே கோல் அதுதான். அதே ஆகஸ்டு 15, பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் விடுதலை நாளாக அமைந்தது.

மூன்று ஒலிம்பிக்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டேன். 12 ஆட்டங்கள், 12 வெற்றிகள். இந்தியா போட்டவை 102 கோல்கள், வாங்கியவை 3.

போருக்குப் பின்

அடுத்து இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. அவரது ஆட்ட வாழ்வின் எஞ்சிய நல்ல ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது. போர்க்காலத்தில்தான் அவர் அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். 1947–48இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில், நாற்பதைக் கடந்த வயதிலும், 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டார். அதன்பின் பெரிய போட்டிகளிலிருந்து தாமாகவே ஒதுங்கி, இளைஞர்களுக்கு வழிவிட்டார்.

1952இல் அவரது தன்வரலாற்று நூல் கோல் என்னும் பெயரில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது நம் சென்னையில் இயங்கிய ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் இதழ் என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தி. 1956இல், 34 ஆண்டுப் பணிக்குப் பின் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நடுவணரசு பத்ம பூஷண் விருது வழங்கிற்று. பின்னர்ப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தார். பாலே திவாரி தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார்.

மகன் அசோக் குமார் 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோல் போட்டதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. மறு ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், செயற்கைத் தரையில் முதன்முதலாக ஆடப்பட்ட ஹாக்கியில், இந்தியா ஏழாமிடத்துக்கு இறங்கிய துயரத்தையும் அவர் கண்டார்.

ஓய்வுக் காலத்தில் அவர் கையில் பணப்புழக்கம் இல்லை. ஈரலில் புற்றுநோய் கண்டு, டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சேர்க்கப்பட்டு, 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் காலமானார். ஜான்சியில் அவர் ஆடிய ஹீரோஸ் திடலிலேயே, படை மரியாதையோடு உடல் எரியூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் இந்தியா மீண்டும் ஒலிம்பிக் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் நம் தமிழகத்தின் பாஸ்கரன். அதைக் காண அவர் இல்லை.

இன்று அவர் பிறந்த ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு நாள். டில்லி தேசிய விளையாட்டரங்கம் 2002 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கும் 2021இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டுவது நன்றே. ஆனால் சூட்டியவை எல்லாம் அவர் கண்மூடிய பின் வந்தவை.

நாம் கொள்ள வேண்டியது

நான் சேர்வராயன் மலையில் நாகலூரைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் சமதளமான திடலைக் காண்பது அரிது. பந்து கை தவறினால் காப்பிச் செடிகளுக்கிடையே இறங்கித் தேட வேண்டும். ஏற்காட்டின் உறைவிடப் பள்ளிகளில் நல்ல கூடைப்பந்துத் தளங்கள் உண்டு. வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லூரிக்கு வந்த பிறகோ மாலையில் மலையேறும் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அதைவிட்டால் இருபது கொண்டையூசி வளைவுகளையும் இருட்டில் கடக்க வேண்டிய நிலை. விளையாட்டு சோறு போடுமா என்று வீட்டில் கேட்டால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளையிடம் விடை ஏது? கேட்பவர்கள் மேல் தவறும் இல்லை. அவர்கள் தோட்ட வேலையில் கைகாய்த்துத்தான் நம்மைப் படிக்க வைக்கிறார்கள்.

தயான் சந்தின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை தருகிறது. அவரிடம் திறமை மட்டும் இருந்து, படைமுகாமின் திடலும் சம்பளமும் பாலே திவாரியும் இல்லாதிருந்தால், ஜான்சியில் ஓர் எளிய மற்போர் வீரராக அவர் காலம் கழிந்திருக்கும். அவர் தனியொருவராக உயர்ந்தார் என்பது பாதி உண்மையே. அன்றாட வேலைக்குள்ளேயே விளையாட்டுக்கு இடம் ஒதுக்கிய ஓர் ஒழுங்கும், கண்டறிந்து கைபிடித்த ஓர் ஆசிரியரும் மறுபாதி.

ஆகவே விளையாட்டு நேரம் பாடவேளைக்குள்ளேயே அமைந்தால், கடைசிப் பேருந்துக்கு ஓடும் மாணவனும் களத்தில் நிற்பான். இதனைப் பேராசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன். மாணவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. போட்டிக்குப் புறப்படும் நம் கல்லூரி அணியை வழியனுப்ப நாம் செல்வோம். மூன்று பேராக இருந்தாலும் போவோம். கோப்பையோடு திரும்பும்போது கூடும் கூட்டத்தில் நம் முகம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.